சத்தம் வராத சுத்தியல்கள்

டமால்!

வேனின் கூரையில் இடி இறங்கியது போல ஏதோ வந்து விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். டிரைவர் பிரேக்கை மிதித்த வேகத்தில், முன் சீட்டில் இருந்த அக்காவின் நெற்றி கண்ணாடியில் போய் முட்டியது. விழுந்த பொருள் கூரையில் உருண்டு, முன்கண்ணாடி வழியாகச் சறுக்கித் தரையில் விழுந்தது.

சுத்தியல்.

யார் எறிந்தது என்று அக்கா கேட்கவே இல்லை. கைப்பிடியில் சிவப்பு நாடா சுற்றிய அந்தச் சுத்தியலை அவளுக்கு நன்றாகத் தெரியும். நாடாவைச் சுற்றிக் கொடுத்தவளே அவள்தான். சினிமா செட் போடும் தச்சர்களுக்குத் தம்பி மேஸ்திரி ஆன அன்றைக்கு ஆசையாகச் சுற்றிக் கொடுத்தது. இன்றைக்கு அது அவள் தலைக்கே வந்திருக்கிறது.

ஸ்டூடியோவின் இரும்பு கேட்டை அடைத்துக்கொண்டு தச்சர்கள் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், கேட்டுக்கு மேலே, புத்தம் புதிய பெரிய போர்டு. 'ஒளி, கேமரா, வளர்ச்சி!' என்று எழுதி, பக்கத்தில் அமைச்சர் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

"கீழ இறங்கு," என்றான் தம்பி.

மூன்று மாதத்துக்கு முன்பு வரை 'இறங்குக்கா' என்று சொல்லியிருப்பான்.

"வழிய விடுடா. உள்ள வேலை இருக்கு."

"உனக்கா? உனக்கு என்ன வேலை தெரியும், ஆளைக் காட்டி விக்கிறதைத் தவிர?"

"நீயும் நான் காட்டி வித்த ஆளுதான். பின்வரிசையில போலீஸ் தொப்பி போட்டுக்கிட்டு நின்னது ஞாபகம் இருக்கா? தொப்பி பெருசு. கண்ணே தெரியல உனக்கு. இப்பவும் தெரியலபோல."

அக்கா துணை நடிகர் ஏஜென்ட். கூட்டம் வேண்டுமென்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணக் கூட்டம், கலவரக் கூட்டம், நீதிமன்றத்தில் கொட்டாவி விடும் கூட்டம், எதுவானாலும் சரி. காலையில் நாலு ரோடு சந்திப்பில் வந்து நிற்பாள். வேலைக்காகக் கூடியிருப்பவர்களைப் பார்த்து விரலை நீட்டுவாள். "நீ, நீ, பச்சைச் சட்டை, பின்னாடி உயரமா இருக்கிறவரே நீங்க. நீ வேண்டாம், நேத்து குடிச்சிட்டு வந்தே." அவ்வளவுதான். விரல் பட்டவன் வேனில் ஏறுவான், படாதவன் வீட்டுக்குப் போவான். அந்த விரலைப் பார்த்தாலே தம்பிக்குப் பற்றிக்கொண்டு வரும். "சந்தையில மாடு பிடிக்கிறவன்கூட மாட்டைத் தடவிக் கொடுத்துட்டுத்தான் பிடிப்பான்" என்று மூன்று மாதத்துக்கு முன்பு சொந்தக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்த பந்தியிலேயே சொல்லிவிட்டான். அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை குறைந்துபோயிற்று.

தச்சர் கூட்டத்திலிருந்து ஒருவன் வேன் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தான். ரம்பம் என்றால்தான் அவனை எல்லோருக்கும் தெரியும். தொழிலாலும் அந்தப் பெயர் பொருந்தும், ஓயாத வாயாலும் பொருந்தும்.

"மேஸ்திரி, இங்க வந்து பாருங்க! எல்லாப் பயலும் காதுல பென்சில் சொருகியிருக்கான்! அட, இந்தப் பெரியவர் போன படத்துல ஜட்ஜா வந்தவராச்சே! என்ன ஜட்ஜய்யா, தீர்ப்பு சொல்லிட்டு ஆணி அடிக்கப் போறீங்களா? இல்ல ஆணி அடிச்சிட்டுத் தீர்ப்பா?"

ஜட்ஜய்யா பென்சிலை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அக்கா," என்றான் ரம்பம். குரல் மாறியிருந்தது. "என் தம்பி படுத்த படுக்கையா கிடக்கிறான். இடுப்பு எலும்பு ரெண்டா போச்சு. உனக்குத் தெரியும். நீயே வந்து பார்த்துட்டுப் போனே. அவனுக்காகத்தான் நாங்க வெளிய நிக்கிறோம். நீ இப்படி உள்ள போனா என்ன அர்த்தம்?"

அக்கா அவனைப் பார்க்கவில்லை. நேராகக் கேட்டைப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். அரண்மனை செட் போட்டுக்கொண்டிருந்தபோது சாரத்தில் ஒரு பலகை உடைந்து, ரம்பத்தின் தம்பி கீழே விழுந்துவிட்டான். பிடித்துக்கொள்ளச் சாரத்தில் குறுக்குக் கம்பி இல்லை. ஸ்டூடியோ அவனை ஓர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, 'அவர் எங்கள் ஊழியர் அல்ல' என்று கையைக் கழுவிக்கொண்டது. ஆஸ்பத்திரிச் செலவை ஸ்டூடியோ ஏற்க வேண்டும், சாரத்துக்குக் கம்பி கட்ட வேண்டும் என்று தச்சர்கள் மொத்தமாகக் கருவிகளைக் கீழே வைத்தார்கள். மேனேஜர் கேட்டை மூடினார்.

மூடிய நேரம்தான் சரியில்லை. வெளிநாட்டு முதலீட்டுக் கம்பெனியின் தலைவி நேரில் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. அவர் கையெழுத்துப் போட்டால் ஸ்டூடியோ மூன்று மடங்காகும். போடாவிட்டால் இடம் அடுக்குமாடி கட்டுகிறவனுக்குப் போகும். பட்டறையில் தச்சன் இல்லாமல் எதைக் காட்டுவது? மேனேஜர் முந்தின நாள் சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டார். வாசலில் நிற்க வைத்துத்தான் பேசினார். அந்த அறையில் அவளை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

"நாளைக்குக் காலையில தச்சங்க வேணும்."

"சார், என்கிட்ட இருக்கிறது நடிக்கிற ஆளுங்க."

"நடிச்சாப் போதும். இது நல்லபடியா முடிஞ்சா, புது ஸ்டூடியோவுக்கு கூட்டம் மொத்தமும் உன் வழியாத்தான். வேற ஏஜென்ட் எவனும் உள்ள வர மாட்டான். சொதப்பினே, நீயும் வர மாட்டே."

இத்தனை வருஷம் வெயிலில் கேட்டுக்கு வெளியே நின்றவள். போன் வருமா வராதா என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்தவள். சரி என்று சொல்லிவிட்டாள்.

கேட் திறந்தது. காவலாளிகள் கம்புகளோடு வந்து தச்சர்களை இரண்டு பக்கமும் தள்ளினார்கள். வேன் நகர்ந்தது. தம்பி ஜன்னலோடு கூடவே நடந்து வந்தான்.

"இன்னிக்கு என் பட்டறையில உன் கால் பட்டா, எனக்கு அக்கா இல்ல."

"பட்டறை உன் பாட்டன் சொத்தா? போடா."

ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். கண்ணாடியின் மேல் அவன் துப்பியது வழிந்தது. அக்கா அதைத் துடைக்கவில்லை. வேன் உள்ளே போய் நின்ற பிறகும் அது அப்படியே இருந்தது.

பட்டறையில் அக்கா சுழன்றாள். பார்வைக்கு எது சரியாக இருக்கும் என்பதில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. "நீ அந்த மேசைக்குப் போ. சட்டையை வெளிய எடுத்து விடு. யாருப்பா அது, வாட்ச் கட்டின தச்சன்? கழட்டு. ஜட்ஜய்யா, நீங்க இழைப்புளி பிடிச்சுக்கங்க. கை அப்படி இல்ல, ரெண்டு கையும். எல்லார் தலையிலயும் கொஞ்சம் மரத்தூள் போடுங்க. முடி வெட்டுற கடை மாதிரி இருக்கக்கூடாது, அளவா." ரம்பம், உளி, திருகாணி மிஷின் எல்லாம் கைக்குக் கை மாறின. பாதி முடிந்த அரண்மனைத் தூண் ஒன்றை நடுவில் நிறுத்தினாள். சற்றுத் தூரத்தில் நின்று கண்ணை இடுக்கிப் பார்த்தாள். அசல் பட்டறை தோற்றது போங்கள்.

மேனேஜர் வந்து பார்த்தார். "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து இவ்வளவு வந்ததே பெரிய விஷயம்.

வெளியே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. கேட்டுக்கு அப்பால் தச்சர்கள் கோஷம் போடுவது மெலிதாகக் கேட்டது. அக்கா கையைத் தட்டினாள்.

"வராங்க. ஆரம்பிங்க!"

எல்லோரும் ஆரம்பித்தார்கள்.

அமைச்சரின் துறைச் செயலாளர் முன்னால் வந்தார், பேசிக்கொண்டே. "மேடம், திரைத்துறைதான் இன்னிக்கு நம்ம பொருளாதாரத்துக்கே இன்ஜின். ஒரு படம் வெளியூர்ல ஓடுச்சுன்னா இங்க ஹோட்டல் நிறையுது, டாக்ஸி ஓடுது, தையல் கடை ஓடுது. ஒரு செட் போட்டா நூறு வீட்டுல அடுப்பு எரியுது. அந்த உழைப்பை இப்ப நீங்க கண்ணாலயே பார்க்கலாம்." பின்னால் மேனேஜர், அதற்குப் பின்னால் இரண்டு போட்டோகிராபர்கள். நடுவில் கம்பெனி அம்மாள். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார், சாதாரணப் பருத்திப் புடவை, தட்டையான செருப்பு. நம் மொழி பேசுகிறவர்தான்.

உள்ளே வந்தவர்கள் நின்றார்கள்.

சுத்தியல்கள் உயர்ந்தன, இறங்கின. ரம்பங்கள் முன்னும் பின்னும் போயின. இழைப்புளிகள் வழுக்கின. ஜட்ஜய்யா நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்தார். எல்லாம் கச்சிதம்.

ஒரே ஒரு குறை. மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை.

மேலே மின்விசிறி சுற்றுவது கேட்டது. சுவரில் பல்லி ஒன்று கத்தியது கேட்டது. அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது.

இப்போதெல்லாம் படப்பிடிப்பிலேயே வசனத்தைப் பதிவு செய்துவிடுகிறார்கள். முன்னால் கதாநாயகன் காதலைச் சொல்லும்போது பின்னால் காய்காரி கூவினால் காட்சி போச்சு. அதனால் பின்னால் நிற்கிறவர்கள் வாயை மட்டும் அசைக்க வேண்டும், கையை மட்டும் ஆட்ட வேண்டும். டம்ளரை மேசையில் வைத்தால் வைத்த ஓசை வரக்கூடாது. சுத்தியல் இறங்கினால் ஆணிக்கு ஒரு மயிரிழை மேலே நின்றுவிட வேண்டும். இந்த வித்தையில் அக்காவின் ஆட்கள் புலிகள். சத்தம் போட்டவன் பக்கம் ஒரு வாரத்துக்கு அவள் விரல் திரும்பாது. 'ஊமைப்பட அக்கா' என்று இந்தத் தொழிலில் அவளுக்குப் பெயரே வந்தது அதனால்தான். பென்சிலைப் பற்றிச் சொன்னாள், மரத்தூளைப் பற்றிச் சொன்னாள். இன்றைக்குச் சத்தம் வேண்டும் என்று மட்டும் சொல்ல மறந்துவிட்டாள்.

தூணுக்குப் பின்னால் நின்று கையை ஆட்டினாள். 'அடிங்கடா, ஓங்கி அடிங்க' என்று காற்றில் சுத்தியல் அடித்துக் காட்டினாள். அவர்களுக்குப் புரிந்தது. இன்னும் வேகமாக, இன்னும் ஓங்கி, இன்னும் அழகாக, சத்தமே இல்லாமல் அடித்தார்கள்.

ஓரத்து மேசையில் இருந்த ஓர் இளைஞனுக்கு மட்டும் பொறி தட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு நிஜமாகவே ஓங்கினான். சுத்தியல் ஆணியை விட்டுவிட்டுக் கட்டைவிரலில் இறங்கியது. அவன் வாயைப் பிளந்து, கழுத்து நரம்பு புடைக்க அலறினான்.

அதிலும் சத்தம் வரவில்லை.

துறைச் செயலாளர் கைக்குட்டையை எடுத்தார். மேனேஜரின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆயிற்று. அந்த அமைதியில்தான் வெளியிலிருந்து அது கேட்டது. டங், டங், டங். நிஜத் தச்சர்கள் கேட்டின் இரும்பில் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். பட்டறைக்கு வேண்டிய சத்தம் முழுவதும் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது.

கம்பெனி அம்மாள் மெதுவாக நடந்து ஜட்ஜய்யாவிடம் போனார். இழைப்புளிக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தார். விரல் தாராளமாக நுழைந்தது.

"இது என்ன மரம்?"

ஜட்ஜய்யா பதில் சொல்லவில்லை. பின்னணி ஆட்கள் பேசக்கூடாது. அதுவும் அக்கா சொல்லிக் கொடுத்ததுதான். அவர் தூரத்தில் எங்கோ பார்த்தபடி தொடர்ந்து இழைத்தார். கம்பெனி அம்மாள் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார்.

மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டு விட்டார்கள். அக்கா வழக்கம் போல வாசலில் நின்றாள்.

"அக்காவும் தம்பியும் சேர்ந்து நாடகமா போடுறீங்க?" மேனேஜர் மேசையைக் குத்தினார். "வெளிய அவன் கேட்டைத் தட்டுவான், உள்ள நீ ஊமைக்கூத்து ஆடுவியா? எத்தனை நாளா பேசி வச்சிருந்தீங்க? நாக்கைப் பிடுங்கிக்கலாம்போல இருக்கு எனக்கு!"

"பிடுங்கிக்கங்க சார். இன்னிக்கு இங்க நாக்கு யாருக்குமே தேவைப்படல."

வாய் தவறி வந்துவிட்டது. போகிற வேலை போகட்டும் என்ற துணிச்சல்தான். மேனேஜர் எழுந்தே விட்டார். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த கம்பெனி அம்மாள் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார்.

"இவங்களை எல்லாம் நீங்கதான் கூட்டிட்டு வந்தீங்களா?"

"ஆமாம்மா."

"எப்ப சொன்னாங்க உங்ககிட்ட?"

"நேத்து சாயங்காலம்."

"இன்னிக்குக் காலையில வந்துட்டாங்க." அவர் மேனேஜரைப் பார்த்தார். "உள்ள நுழைஞ்ச உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் இந்தத் தொழில்ல நேத்துப் பிறந்தவ இல்ல. தச்சன் எவனும் அவ்வளவு சுத்தமா இடம் விட்டு நிக்க மாட்டான். நான் கேட்டுக்கு வெளிய இருந்தவங்களையும் பார்த்தேன். காரை நிறுத்தச் சொல்லி நல்லாவே பார்த்தேன்."

துறைச் செயலாளர் தண்ணீர் குடித்தார்.

"போன வருஷம் வேற ஊர்ல ஒரு ஸ்டூடியோவை மூடிட்டேன். ஏன் தெரியுமா? தச்சங்க நின்னா லைட்காரங்க நிப்பாங்க. லைட்காரங்க நின்னா தையல்காரங்க. கடைசியில படமே நிக்கும். ஒருத்தனுக்குக் கால் சுளுக்கினா ஊரே உக்கார்ந்துடும். அப்படிப்பட்ட இடத்துல பணத்தைப் போட எனக்குப் பைத்தியமா?" அக்காவின் பக்கம் திரும்பினார். "வேலை தெரியாத ஆளுங்களையே ஒரே ராத்திரியில கொண்டு வந்து, சத்தம் இல்லாம நிறுத்துறீங்க. வேலை தெரிஞ்ச ஆளுங்களைக் கொண்டு வர மாட்டீங்களா?"

அக்கா மேனேஜரைப் பார்த்தாள், அவர் மேசையைப் பார்த்தார்.

"கூட்டம் மட்டும் இல்ல. தச்சர், பெயின்டர், டெய்லர், லைட்டு, எல்லா ஆளும் உங்க மூலமா வரட்டும். அன்னன்னிக்கு நீங்க காட்டுற ஆள் உள்ள வருவான், காட்டாதவன் வர மாட்டான். மேஸ்திரின்னு யாரும் நடுவுல வேண்டாம். அவங்கதான் பிரச்சினை. முடியுமா?"

"அந்த மேஸ்திரி என் தம்பிம்மா."

"தெரியும். இப்பத்தானே மேனேஜர் கத்தினார்." அம்மாள் பக்கத்து நாற்காலியை அவள் பக்கமாகத் தள்ளினார். "உக்காருங்க. நின்னுக்கிட்டே எவ்வளவு நேரம் பேசுறது?"

அந்த நாற்காலியை அக்கா பார்த்தாள். வழுவழுப்பான தேக்குக் கட்டை, வளைந்த கைப்பிடி. இந்த அறையின் மரச்சாமான் எல்லாமே தம்பி செய்தது. ஆறு மாதம் மூக்கு முழுக்கத் தூளோடு வீட்டுக்கு வந்தான். 'ஒரு நாள் இதுல நீ உக்காருவேக்கா' என்று கேலி செய்தவனும் அவனே. வேன் கண்ணாடியில் வழிந்த எச்சில் ஞாபகம் வந்தது. அதோடு, கட்டிலில் அசையாமல் கிடந்த ரம்பத்தின் தம்பியும் ஞாபகம் வந்தான்.

"விழுந்தவனுக்கு ஆஸ்பத்திரிச் செலவு?" என்று கேட்டாள்.

"அவர் எங்க ஊழியர் இல்லையே," என்றார் கம்பெனி அம்மாள், மேனேஜர் சொன்ன அதே வார்த்தைகளில், ஆனால் அவரைவிட மரியாதையாக. "இனிமே யாருமே எங்க ஊழியர் இல்ல. எல்லாரும் உங்க ஆளுங்க."

அக்கா நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். முதலில் நுனியில். அப்புறம் நன்றாகச் சாய்ந்து.

அவள் கேட்டுக்கு நடந்து வந்தபோது அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. காவலாளி ஒருவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தான். தச்சர்கள் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். ரம்பம் காற்றில் சுத்தியல் அடித்து, கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்து, சத்தமில்லாமல் துள்ளிக் காட்டினான். சிரித்துச் சிரித்து அவனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

சின்னக் கதவு வழியாக அக்கா வெளியே வந்தாள்.

"வா வா!" தம்பி கையைத் தட்டினான். காலையில் எறிந்த சுத்தியல் இடுப்பில் திரும்பவும் செருகியிருந்தது. "ஆணி அடிக்கக்கூட ஆள் நடிக்கணுமா? இப்பப் புரிஞ்சுதா, எங்க கை இல்லாம உள்ள ஒரு ஸ்டூல்கூட நிக்காது! என்ன சொன்னா அந்த அம்மா? மூட்டையைக் கட்டிட்டாளா?"

"கையெழுத்துப் போட்டுட்டாங்க."

சிரிப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றது.

"பொய்."

"போய்க் கேளு. உன்னை உள்ள விட மாட்டாங்க, ஆனா கேளு. மேஸ்திரின்னு இனிமே யாரும் கிடையாது. நாளையிலிருந்து பட்டறைக்கு ஆள் எடுக்கிறது நான்."

தம்பியின் முகம் ஒரு கணம் சின்னப் பிள்ளை முகமாக மாறியது. அந்தப் பெரிய தொப்பிக்குக் கீழே இருந்த முகம். அடுத்த கணமே கல்லாயிற்று.

"எடு பார்ப்போம். ஒருத்தன் வர மாட்டான். இங்க நிக்கிற எவனும் உன் விரலுக்கு மாடு மாதிரி வர மாட்டான். ஏன்டா, வருவீங்களா?"

"மாட்டோம்!" என்றது கூட்டம். எல்லோருக்கும் மேலே கேட்டது ரம்பத்தின் குரல்தான்.

அக்கா நாலு ரோடு சந்திப்பில் நிற்பது போல, காலை அகட்டி நின்றாள். கண்ணை இடுக்கி முகம் முகமாகப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கினாள். விரல் தம்பியைத் தாண்டிப் போயிற்று. இன்னும் இரண்டு பேரைத் தாண்டிற்று. ரம்பத்தின் நெஞ்சுக்கு நேரே நின்றது.

"நீ."

கேட்டில் தட்டிக்கொண்டிருந்த கடைசிச் சுத்தியலும் நின்றது. தம்பி திரும்பி ரம்பத்தைப் பார்த்தான். ரம்பம் தம்பியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான், கேட்டுக்கு மேலே சிரிக்கிற அமைச்சரைப் பார்த்தான், சட்டைப் பையில் இருந்த ஆஸ்பத்திரிச் சீட்டைத் தொட்டான், கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எத்தனை மணிக்கு வரணும்க்கா?"